பம்மல் சம்பந்த முதலியாரும் சுகுண விலாச சபையும்: பயில்முறை நாடக நிறுவனமொன்றின் வளர்ச்சியும் அதன் எல்லைகளும்

ஆய்வுச்சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபை, தமிழ் நாடகத்தைக் கற்றோர் கலையாக மாற்றிய நிறுவனமாகத் தமிழ் நாடக வரலாறுகளில் இடம்பெறுகிறது. அதன் வளர்ச்சி, அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவரான பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) வாழ்விலிருந்து பிரித்தறிய இயலாதது. சபையின் தோற்றம், அரங்கம், நகைச்சுவை நாடகங்கள், பயணங்கள், சொந்த இடம் ஆகிய படிநிலைகளினூடே அவ்வாழ்வு இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. சபை ஈட்டிய நன்மதிப்பு யாருக்கு உரியதாயிற்று, யாருக்கு எட்டாமற்போயிற்று என்னும் வினா இதன் மையமாகும். சபையின் நிலைத்த பயன் அதன் கட்டடத்திலோ உறுப்பினர் பட்டியலிலோ அன்றி, அங்கு உருவாகித் தொழில்முறைக் குழுக்களுக்கும் திரைக்கும் சென்ற நாடகப் பனுவல்களில் உள்ளது என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பம்மல் சம்பந்த முதலியார், சுகுண விலாச சபை, பயில்முறை நாடகம், தொழில்முறை நாடகம், நகைச்சுவை நாடகம், சபாபதி, மனோகரா, விக்டோரியா பொதுமண்டபம்

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்றில் 1891ஆம் ஆண்டு இருவகையால் குறிப்பிடத்தக்கது. பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது அவ்வாண்டில். சென்னையில் சுகுண விலாச சபை நிறுவப்பெற்றதும் அவ்வாண்டில். முன்னது படிப்பதற்குரிய நாடகமாக இலக்கிய உலகில் நிலைபெற்றது. பின்னது மேடைக்குரிய நாடகங்கள் தொடர்ந்து எழுதப்படவும் ஒத்திகை பார்க்கப்படவும் நடிக்கப்படவும் இடமளித்தது. கற்றோர் நாடகத்தைக் கையிலெடுத்த இவ்விரு வழிகளுள் முதலாவது, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் வாயிலாக ஆய்வாளர் கவனத்தை மிகுதியும் பெற்றுள்ளது. இரண்டாவது, பெரும்பாலும் நினைவுக் குறிப்புகளின் பொருளாகவே எஞ்சியுள்ளது.

சம்பந்த முதலியாரைத் தமிழ் நாடகத்தின் தந்தை எனப் போற்றும் மரபு நெடுநாளாக நிலவுகிறது. இழிநிலையில் கிடந்த நாடகத்தை அவர் மீட்டெடுத்தார் என்பது அம்மரபின் அடிப்படைக் கூற்று. இக்கூற்று பெரிதும் சபையினர் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தின் வழிவந்தது. அதனை அவ்வாறே ஏற்பதும் முற்றாக மறுப்பதும் அவர்தம் வாழ்வின் உண்மையான சிக்கலை மறைத்துவிடும். எனவே, ஒரு நாடக நிறுவனம் எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சிக்கு எவ்விலை கொடுக்கப்பட்டது என்னும் நோக்கில் அவ்வாழ்வை மீளப் பார்த்தல் தேவையாகிறது.

இளமையும் நாடக வெறுப்பும்

சம்பந்தம் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வித்துறையில் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர். நூல்களில் ஈடுபாடு மிக்கவர். தாயார் மாணிக்கவேலம்மாள். வீட்டில் நிறைந்திருந்த ஆங்கில நூல்களும் தாயார் சொன்ன புராணக் கதைகளும் சிறுவனின் கற்பனைக்கு ஒருங்கே உணவாயின. மாநிலக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டம் கற்று, அவர் வழக்கறிஞரானார்.

பிற்காலத்தில் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்களை இயற்றியவர், இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்பது கருதத்தக்கது. இரவு முழுதும் நீளும் கூத்தும், பாட்டு மிகுந்து உரையாடல் குறைந்த கம்பெனி நாடகமும் அவர் மனத்துக்கு உவப்பாயில்லை. அவ்வெறுப்பு அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆங்கிலக் கல்வி பெற்ற அக்காலச் சென்னை இளைஞர் பலர்க்கும் பொதுவான மனநிலை அது. நடிப்போரைக் கூத்தாடி என இழித்துரைக்கும் வழக்கு அன்று சமூகத்தில் வேரூன்றியிருந்தது. படித்த குடும்பத்தார் மேடையேறுதல் குலத்துக்கு இழுக்கு எனக் கருதப்பட்டது.

இந்த மனநிலையை மாற்றியது தமிழ் நாடகமன்று, தெலுங்கு நாடகம். பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தலைமையிலான சரச வினோதினி சபையார் 1891இல் சென்னைக்கு வந்து நாடகங்களை நடித்துக்காட்டினர். வழக்கறிஞரும் அரசு அலுவலரும் தாமே வேடம் புனைந்து நடித்ததைக் கண்ட சம்பந்தத்துக்கு, நாடகத்தின் மீது தாம் கொண்டிருந்த வெறுப்பு கலையின் மீதானதன்று, அதனை நடத்திய முறையின் மீதானதே என்பது தெளிவாயிற்று. கற்றோர் தெலுங்கில் செய்ததைத் தமிழில் செய்ய இயலாதா என்னும் எண்ணமே சபைக்கு வித்தாயிற்று.

சபையின் தோற்றமும் அமைப்பும்

1891ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், நண்பர் சிலருடன் சம்பந்தம் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அன்று சபைக்குச் சொந்த இடமோ பொருளோ புரவலரோ இல்லை. ஜமீன்தார் அல்லது முதலாளி ஒருவரின் கைப்பொருளால் நடந்த கம்பெனி அமைப்பினின்று அது வேறுபட்டது. உறுப்பினர் சந்தாவும் நாடகச் சீட்டு வருவாயுமே அதன் மூலதனம். வரவுசெலவுக் கணக்கு, நிர்வாகக் குழு, தேர்தல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்ட சங்க அமைப்பை நாடகத்துக்குள் கொண்டுவந்தமை சபையின் முதற் புதுமையாகும்.

இவ்வமைப்பு நாடகத்தின் வடிவத்தையும் பாதித்தது. பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பணிபுரிந்தோர் இரவு முழுதும் நடிக்கவோ பார்க்கவோ இயலாது. எனவே நாடகம் சில மணி நேரத்துள் அடங்க வேண்டியதாயிற்று. குறித்த நேரத்தில் தொடங்குதல் விதியாயிற்று. பாட்டுப் பயிற்சி இல்லாதோரும் நடிக்க வேண்டியிருந்தமையால் பாடல் சுருங்கி உரைநடை உரையாடல் பெருகிற்று. உரையாடல் முன்கூட்டியே எழுதப்பெற்று மனனம் செய்யப்பட்டமையால் மேடையில் இட்டுக்கட்டும் வழக்கம் குறைந்தது. தமிழ் நாடகத்தில் உரைநடையின் எழுச்சி கொள்கையால் மட்டும் விளைந்ததன்று. நடிப்போரின் பிழைப்பும் நேரமும் வகுத்த தேவையாலும் விளைந்ததாகும்.

1893இல் சம்பந்தத்தின் புஷ்பவல்லி மேடையேறியது. 1895இல் மனோகரா அரங்கேறியது. தாய்ப்பற்றும் தந்தையின் கட்டளையும் மோதும் அந்நாடகத்தில் நாயகன் மனோகரனாகச் சம்பந்தமே நடித்தார். அறிவு குன்றிய வசந்தன் என்னும் பாத்திரம் துன்பியல் சூழலுக்குள் நகைச்சுவைக்கு இடமளித்தது. கதையின் போக்கோடு தொடர்பற்ற கோமாளியைக் காட்சிகளுக்கு இடையே ஆடவிடும் பழைய மரபினின்று விலகி, நகைச்சுவையைக் கதைமாந்தரின் இயல்பிலேயே அமைத்த முயற்சியை இங்குக் காணலாம்.

அக்கால வழக்கப்படி சபையில் பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்றனர். அவருள் தலைசிறந்தவர் ஆற்காடு ரங்கவடிவேலு. சம்பந்தம் நாயகனாகவும் ரங்கவடிவேலு நாயகியாகவும் நடித்த இணை, கால் நூற்றாண்டுக்கு மேல் சபையின் அடையாளமாக விளங்கிற்று. 1923இல் ரங்கவடிவேலு மறைந்தமை சபைக்கு நேர்ந்த இழப்பாக மட்டுமன்றிச் சம்பந்தத்தின் நடிப்பு வாழ்விலேயே ஒரு முறிவாகவும் அமைந்தது.

அரங்கும் அவையும்

கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டிய விக்டோரியா பொதுமண்டபம் அக்காலச் சென்னையின் முதன்மையான அவைக்களமாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சபை அம்மண்டபத்தையே தன் இருப்பிடமாகக் கொண்டது. தற்காலிகக் கொட்டகையில் நடந்த நாடகத்துக்கும் நகரத்தின் பொதுமண்டபத்தில் நடந்த நாடகத்துக்கும் இடையிலான வேறுபாடு இடம் பற்றியது மட்டுமன்று. அரசியற் கூட்டமும் வரவேற்பும் நிகழ்ந்த அதே மேடையில் தமிழ் நாடகம் நடந்தபோது, அது நகரப் பொதுவாழ்வின் ஒரு பகுதியாக ஏற்கப்பட்டது.

உறுப்பினர் பட்டியலும் அதற்கேற்ப விரிந்தது. வி.வி. சீனிவாச ஐயங்கார், சி.பி. ராமசாமி ஐயர், எஸ். சத்தியமூர்த்தி, ஆர்.கே. சண்முகம் செட்டியார், வி.சி. கோபாலரத்தினம் முதலியோர் சபையோடு தொடர்புகொண்டிருந்தனர். சத்தியமூர்த்தி மனோகரன் வேடத்தையே ஏற்று நடித்தவர். தமிழோடு தெலுங்கு, கன்னடம், வடமொழி, ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் சபையார் நாடகங்களை நடித்தனர். பன்மொழியாளர் வாழ்ந்த சென்னை மாகாணத் தலைநகரின் இயல்பு சபைக்குள் அவ்வாறே பிரதிபலித்தது.

ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப மாற்றியமைத்ததும் இவ்வவைக்காகவே. ஹாம்லெட் அமலாதித்யனாகவும், மெக்பெத் மகபதியாகவும், வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகனாகவும் உருமாறின. ஆங்கிலத்தில் படித்த கதையைத் தமிழ்ப் பெயரோடும் தமிழ் நாட்டு வழக்கோடும் கண்ட அவையினர்க்கு, தம் மொழி அக்கதையின் எடையைத் தாங்கவல்லது என்னும் நம்பிக்கை பிறந்தது.

நகைச்சுவை நாடகங்களும் சபையின் பொருளாதாரமும்

சபையின் வளர்ச்சியில் நகைச்சுவை நாடகங்களின் பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை. வரலாற்று நாடகங்களுக்கும் புராண நாடகங்களுக்கும் பட்டாடையும் அணிகலனும் பல்வகைத் திரைச்சீலையும் வேண்டும். சமகால வாழ்வைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவை நாடகத்துக்கு உறுப்பினர் அன்றாடம் உடுத்திய உடையே வேடமாகப் போதுமானது. ஒரு கூடமும் சில நாற்காலிகளும் காட்சியமைப்பாயின. சந்தாவையும் சீட்டு வருவாயையும் நம்பிய அமைப்புக்கு இச்சிக்கனம் பெருந்துணை.

இவ்வகையில் சபாபதி வரிசை முதன்மையானது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில் உருவாகத் தொடங்கிய இவ்வரிசையில், கல்வியில் பின்தங்கிய செல்வக் குடும்பத்து இளைஞனும் அவன் பெயரையே கொண்ட பணியாளும் மையப் பாத்திரங்கள். ஆணையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி அதன் நோக்கத்தைக் கெடுக்கும் பணியாளின் செயல்களே நகைச்சுவைக்கு ஊற்று. ஒவ்வொரு பகுதியும் தனித்து நடிக்கத்தக்கதாகவும், மாந்தர் தொடர்ச்சியால் ஒன்றோடொன்று இணைந்ததாகவும் அமைந்தது. பொங்கல் பண்டிகை, ஓர் ஒத்திகை என அது கிளைத்தது. நாடக ஒத்திகையையே நகைப்புக்குரிய பொருளாக்கியமை, சபை தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கும் நிலையை எய்திவிட்டதைக் காட்டுகிறது.

இங்கு மற்றொன்றும் எண்ணத்தக்கது. எசமானும் பணியாளும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கையில், அறியாமை இருவர்க்கும் பொதுவாகிவிடுகிறது; செல்வம் ஒன்றே இருவரையும் பிரிக்கிறது. இருப்பினும் பணியாளின் மேல் விழும் அடியும் வசையும் சிரிப்புக்குரியனவாகவே நிற்கின்றன. தன் வகுப்பின் மடமையை எள்ளும் துணிவு சபைக்கு இருந்தது. அவ்வகுப்பின் அதிகாரத்தை வினவும் எல்லைக்கு அது செல்லவில்லை.

பயணங்களும் பரவலும்

சபையார் சென்னையோடு அமையாது பெங்களூருக்கும் தமிழகத்தின் பிற நகரங்களுக்கும் சென்று நடித்தனர். 1911இல் மேற்கொண்ட இலங்கைப் பயணம் வரலாற்றுச் சிறப்புடையது. கொழும்பில் அவர்கள் நடித்த நாடகங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற கலையரசு க. சொர்ணலிங்கம், சம்பந்தத்தைத் தம் ஆசானாகக் கொண்டார். அடுத்த சில ஆண்டுகளுள் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையும் யாழ்ப்பாணத்தில் சரஸ்வதி விலாச சபையும் தோன்றின. ஈழத்தின் நவீன தமிழ் நாடக வரலாறு இச்சபைகளைத் தன் தொடக்கப் படிகளுள் ஒன்றாகக் கொள்கிறது. பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தூண்டல், சென்னையிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சென்றது. பயில்முறை நாடகம் பரவிய முறை இதுவே: கண்டவர் தம் ஊரில் அதுபோன்றதொரு சபையைத் தாமே நிறுவினர்.

இக்காலத்தில் சம்பந்தம் வழக்கறிஞர் தொழிலையும் விடவில்லை. 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகப் பணியாற்றினார். நீதிபதி ஒருவர் நாடகத்தோடு வெளிப்படையாகத் தொடர்புகொண்டிருந்தமை, முப்பதாண்டுகளுக்கு முன் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. நடிப்பின் மீதிருந்த இழிவுணர்வு கற்றோரிடையே எவ்வளவு தளர்ந்திருந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நன்மதிப்பின் எல்லை

ஆயினும் தளர்ந்த இழிவுணர்வு யாரைப் பொறுத்தது என்பதை நோக்க வேண்டும். சம்பந்தத்தின் சமகாலத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). நாடகமே வாழ்வாகக் கொண்டு, சிறுவர் குழுக்களைப் பயிற்றுவித்து, ஊர் ஊராகச் சென்று உழைத்தவர் அவர். 1918இல் அவர் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் சிறுவர்க்கு நடிப்பு ஓய்வுநேரக் கலையன்று; சோறு. சபையின் வழக்கறிஞர் மேடையேறியபோது வழக்கறிஞராகவே மதிக்கப்பட்டார். தொழில்முறை நடிகர் மேடையிறங்கிய பின்னும் கூத்தாடியாகவே கருதப்பட்டார். ஊதியம் பெறாமையே சபையாரின் பெருமைக்கு அடிப்படையாயிருந்தமையால், ஊதியத்துக்கு நடிப்போரின் இழிவு அப்பெருமையின் மறுபக்கமாகத் தொடர்ந்தது.

பெண்களின் நிலையும் அத்தகையதே. கும்பகோணம் பாலாமணி அம்மாள் போன்றோர் பெண்களைக் கொண்டே நாடகக் குழுவை நடத்திய காலத்தில், சபையின் மேடையில் பெண்களுக்கு இடமில்லை. கற்றோர் குடும்பங்களின் ஏற்பைப் பெறுவதற்குச் சபை கொடுத்த விலை இது. பெண் வேடத்தில் ரங்கவடிவேலு எய்திய உயர்வு, பெண் நடிகையர் விலக்கப்பட்ட வெளியில்தான் நிகழ்ந்தது.

இவ்விடைவெளியை ஓரளவு கடந்தவை சம்பந்தத்தின் பனுவல்களே. அவர் தம் நாடகங்களை அச்சிட்டு வெளியிட்டார். மேடையேற்ற விரும்புவோர் ஆசிரியரின் அனுமதி பெறவேண்டும் என்னும் நெறியையும் வலியுறுத்தினார். நாடகாசிரியன் படைப்பு அவன் உடைமை என்னும் கருத்தைத் தமிழ் நாடக உலகில் நிலைநாட்டியதில் அவருடைய சட்ட அறிவுக்குப் பங்குண்டு. சபையோடு தொடர்புகொண்டிருந்த எம். கந்தசாமி முதலியார், பின்னர்த் தொழில்முறைச் சிறுவர் குழுக்களுக்கு ஆசிரியராகி, டி.கே.எஸ். சகோதரர்கள் உள்ளிட்டோர்க்கு உரைநடை நாடகங்களைப் பயிற்றினார். மனோகரா அவ்வழியே ஊர்தோறும் பரவிற்று. விக்டோரியா பொதுமண்டபத்துக்குள் நுழைய வாய்ப்பற்ற மக்கள், சபையின் நாடகத்தைக் கொட்டகையில் கண்டனர்.

சொந்த இடமும் திரையும்

1936இல் சபை மவுண்ட் ரோட்டில் தன் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது. நாற்பத்தைந்தாண்டு உழைப்பின் பயனாகத் தோன்றிய அப்பெயர்ச்சி, சபையின் இயல்பு மாறிய காலத்தோடு ஒன்றிற்று. விளையாட்டும் உரையாடலும் உறுப்பினரை ஈர்த்த அளவுக்கு ஒத்திகை ஈர்க்கவில்லை. நாளடைவில் நாடக சபை என்பதைவிட மனமகிழ் மன்றமாகவே அப்பெயர் மிகுதியும் அறியப்படலாயிற்று. இடமின்றித் தொடங்கிய காலத்தில் உறுப்பினரை இணைத்தது நாடகம் ஒன்றே. இடம் வாய்த்தபின் அவ்விடமே அவர்களை இணைக்கப் போதுமானதாயிற்று.

அதே 1936இல் மனோகரா திரைப்படமாக வெளிவந்தது. சம்பந்தமும் அதில் நடித்தார். 1941இல் ஏ.வி. மெய்யப்பன் சபாபதியைப் படமாக்கினார். எசமானாக டி.ஆர். ராமச்சந்திரனும் பணியாளாகக் காளி என். ரத்தினமும் நடித்த அப்படம் தமிழ் நகைச்சுவைப் படங்களுள் முன்னோடியாக இன்றும் கருதப்படுகிறது. காளி என். ரத்தினம் தொழில்முறை நாடகக் குழுவில் உருவானவர். வழக்கறிஞர் சபையில் பிறந்த பாத்திரத்துக்கு மக்களிடையே நிலைத்த முகத்தை அளித்தவர், அச்சபை தன்னிடமிருந்து விலக்கி நிறுத்திய தொழில்முறை மரபின் கலைஞர். 1954இல் மு. கருணாநிதியின் உரையாடலோடும் சிவாஜி கணேசனின் நடிப்போடும் மனோகரா மீண்டும் திரைக்கு வந்தபோது, அது சபையின் காலத்தவர் எண்ணாத அரசியற் குரலையும் பெற்றது.

முதுமையில் சம்பந்தம் தம் அனுபவங்களை நாடக மேடை நினைவுகள் என்னும் ஆறு பாகங்களாக எழுதினார். நடிகர், நாடகம், ஒத்திகை, வரவு, தோல்வி ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்த அந்நூல் இன்றித் தமிழ்ப் பயில்முறை நாடக வரலாற்றை எழுதுதல் அரிது. 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவர் மறைந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: சுகுண விலாச சபையின் வடிவப் புதுமைகள் அதன் சங்க அமைப்பினின்றும் உறுப்பினரின் வாழ்க்கை முறையினின்றும் கிளைத்தவை. குறைந்த செலவில் நடிக்கத்தக்க நகைச்சுவை நாடகங்கள் புரவலரற்ற அந்நிறுவனத்துக்கு உறுதுணையாயின. சபை ஈட்டிய நன்மதிப்பு கற்றோர்க்கு மேடையைத் திறந்துவிட்டது. தொழில்முறை நடிகர்க்கும் பெண்களுக்கும் அது அவ்வாறு பயன்படவில்லை. சொந்த இடம் பெற்ற காலத்தில் நாடகம் சபையின் மையத்திலிருந்து விலகத் தொடங்கிற்று. ஆனால் நாடகங்கள் அதற்கு முன்பே சபையின் சுவரைக் கடந்திருந்தன.

சம்பந்த முதலியார் நாடகத்தை மீட்டவர் என்பதினும், அதற்கு எழுதப்பட்ட பனுவலையும் உரிமை பெற்ற ஆசிரியனையும் அளித்தவர் என்பதே பொருத்தமான மதிப்பீடாகும். அப்பனுவல்களுக்கு ஊர்தோறும் உயிரளித்தவர்கள், கூத்தாடி என்ற பெயரைச் சுமந்த தொழில்முறைக் கலைஞர்களே. தமிழ் நாடக வரலாறு இவ்விரு சாராரையும் ஒரே நிரலில் வைத்து எழுதப்படும்போதுதான் சுகுண விலாச சபையின் உண்மையான வளர்ச்சி புலப்படும்.